மகளுக்கு 18 முடிந்துவிட்டது, கல்லூரிக் கட்டணம் என் பொறுப்பா?

கேள்வி: எனக்கு 49 வயது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 78,000 ரூபாய். 2017-ல் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. மகள் ஈரோட்டில் அவளுடைய அம்மாவிடம் வளர்கிறாள். அவர் தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 26,000. மகளுக்கு 18 ஆகும்வரை மாதம் 12,000 தருவதாக ஒப்பந்தம். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. மார்ச்சில் 18 முடிந்ததும் நிறுத்திவிட்டேன். இப்போது பி.இ. சேர்ந்திருக்கிறாள். விடுதியோடு ஆண்டுக்கு 2.4 லட்சம் என்று கட்டணச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பி, உதவி கேட்கிறார்கள். வீட்டுக் கடன் தவணை 24,000. தங்கை மாப்பிள்ளையின் விசைத்தறிக்காக 14 மாதம் முன்பு என் பெயரில் எடுத்த 5 லட்சம் பர்சனல் லோனுக்கு 11,900. அதை அவர் ஐந்து மாதம் கட்டினார், அதன் பிறகு நான்தான் கட்டுகிறேன். அம்மாவையும் சேர்த்து வீட்டுச் செலவு 30,000. மாப்பிள்ளை இன்னும் 3 லட்சம் டாப்-அப் கேட்கிறார். மகளின் எதிர்காலத்துக்கு மாதம் 10,000 யூலிப் பாலிசி (காப்பீடும் முதலீடும் சேர்ந்தது) போடலாம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அவளுடைய செல்வமகள் கணக்கில் 2.6 லட்சம் இருக்கிறது, அது கல்யாணத்துக்கு. சட்டப்படி நான் கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: ஆமாம், கட்டத்தான் வேண்டும்.

ஒப்பந்தத்தில் 18 என்று நீங்களும் உங்கள் முன்னாள் மனைவியும் எழுதிக்கொண்டீர்கள். மகள் அதில் கையெழுத்துப் போடவில்லை. அவளுடைய உரிமையை நீங்கள் இருவரும் பேசி முடித்துவிட முடியாது. நீங்கள் இந்து என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-வது பிரிவு, சொந்த வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாத திருமணமாகாத மகளைப் பராமரிக்கும் கடமையைப் பெற்றோர் மேல் வைக்கிறது. பராமரிப்பு என்றால் சாப்பாடும் துணியும் மட்டும் இல்லை, படிப்பும் சேர்த்தி என்று அதே சட்டம் சொல்கிறது. உங்களுக்கு 18 என்று சொன்னவர்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்கள். இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 144-வது பிரிவு. அங்கே பொதுவாக மைனர் பிள்ளைகளுக்குத்தான் ஜீவனாம்சம். இரண்டும் வேறு வேறு என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2025 ஜனவரியில், பிரிந்த பெற்றோரின் மகள் ஒருத்தியின் வழக்கில், பெற்றோரிடம் படிப்புச் செலவைக் கேட்டுப் பெற மகளுக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்றும் சொல்லியிருக்கிறது. மகனாக இருந்தால்கூட ரொம்பத் தப்பித்திருக்க முடியாது. 2021-ல் ஒரு தந்தையை, மகன் முதல் பட்டம் முடிக்கும்வரை பணம் தரச் சொன்னது அதே நீதிமன்றம்.

இந்தக் கடமை தாய்க்கும் உண்டு. ஆனால் 78,000-த்தையும் 26,000-த்தையும் பார்க்கும் எந்த நீதிபதியும் ஆளுக்குப் பாதி என்று சொல்ல மாட்டார். இன்னொன்று, வழக்கு என்று வந்தால் இனி மனுதாரர் உங்கள் முன்னாள் மனைவி இல்லை, உங்கள் மகள். கோர்ட் வராந்தாவில் அவள் ஒரு பெஞ்சிலும் நீங்கள் எதிர் பெஞ்சிலும் உட்கார்ந்திருப்பீர்கள். அதுவரை போக விடாதீர்கள்.

சட்டம் இருக்கட்டும். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது இரண்டு எண்கள். மார்ச் வரை மகளுக்குக் கொடுத்தது 12,000. மாப்பிள்ளையின் தறிக்கு இப்போது கட்டுவது 11,900. மகளுக்கு 18 வயது முடிந்த அன்றே நிறுத்தத் தெரிந்த உங்களுக்கு, ஒன்பது மாதமாகக் கட்டாத மாப்பிள்ளையிடம் மட்டும் தேதி சொல்ல வரவில்லை.

அந்தக் கடனைப் பார்ப்போம். வட்டி 15 சதவீதம், ஐந்து வருடம் என்று வைத்தால்தான் இந்தத் தவணை வருகிறது. மொத்தமாக 7.14 லட்சம் கட்டி முடிப்பீர்கள். 14 தவணை போயும் அசல் இன்னும் 4.1 லட்சத்துக்கு மேல் நிற்கும். அவர் கட்டாமல் விட்ட ஒன்பது மாதத்துக்கு உங்கள் கையிலிருந்து போனது 1.07 லட்சம். இதற்கு மேல் 3 லட்சம் டாப்-அப் என்றால் தவணை ஏறக்குறைய 17,000 ஆகும், அதுவும் மறுபடி ஐந்து வருடத்துக்கு. தறிக்குக் கூலி சரியில்லை என்றுதான் அவர் சொல்வார், அது உண்மையாகவும் இருக்கலாம். கூலி சரியில்லாத தொழிலில் இன்னும் 3 லட்சத்தைப் போட எந்த வங்கியும் அவருக்குக் கடன் தராது. அதனால்தான் உங்கள் சம்பளச் சீட்டைக் கேட்கிறார்.

தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். கடனை அடைக்க வேண்டாம், இடம் மாற்றுங்கள் என்று சொல்லுங்கள். தங்கை தன் நகையைத் தானே வங்கியில் வைக்கட்டும். இன்றைய தங்க விலைக்குப் பத்துப் பவுனுக்குள்ளேயே 4.1 லட்சம் கிடைத்துவிடும், வட்டியும் உங்கள் 15 சதவீதத்தைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். அந்தப் பணத்தில் உங்கள் பர்சனல் லோனை முடியுங்கள். முன்கூட்டியே முடிக்கக் கட்டணம் உண்டா என்று மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். நகையை வைக்கத் தங்கை யோசிப்பார். தன் நகை என்றால் யோசிக்கிறவர், அண்ணன் சம்பளம் என்றால் ஏன் யோசிக்கவில்லை என்று நீங்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, மகளின் கணக்குக்கு வருவோம். வருடம் கொஞ்சம் ஏறும் என்று வைத்தால் 2.4, 2.5, 2.6, 2.7 லட்சம், நான்கு வருடத்துக்குச் சுமார் 10.2 லட்சம். நீங்கள் பழைய 12,000-ஐ நிறுத்தாமல் தொடர்ந்தால் 48 மாதத்தில் 5.76 லட்சம், பாதிக்கும் மேலே. செல்வமகள் கணக்கிலிருந்து, 18 வயது ஆன பெண்ணின் மேற்படிப்புக்கு, போன நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதிவரை எடுக்கலாம். 1.3 லட்சம் என்று வைப்போம். கல்யாணத்துக்கு என்று நீங்கள் சொல்கிறீர்கள், ஆனால் 18 ஆனபின் அந்தக் கணக்கை இயக்குவது அவள்தான். மீதி ஏறக்குறைய 3.1 லட்சம். அதற்குக் கல்விக் கடன் போதும். 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்க மாட்டார்கள். வித்யாலக்ஷ்மி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்டச் சொல்லி நெருக்க மாட்டார்கள். கடன் மகள் பெயரில் வரும், கூட்டுக் கடன்தாரராகப் பெற்றோர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். யாருக்காவது கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றால் இதில் போடுங்கள். துணி, போன், பஸ், ஊருக்குப் போய்வரும் செலவு அம்மா பக்கம் இருக்கட்டும், 26,000 சம்பளத்தில் அதுவே பாரம்தான்.

அந்த 2.4 லட்சம் கவுன்சலிங் இடத்துக்கா, நிர்வாக ஒதுக்கீட்டுக்கா என்று நீங்கள் எழுதவில்லை. கவுன்சலிங் என்றால் கல்விக் கட்டணத்துக்கு அரசு நியமித்த குழு வரம்பு வைத்திருக்கிறது. விடுதி, சாப்பாடு போக மற்றதற்கெல்லாம் தனித்தனி ரசீது கேளுங்கள். பணத்தைக் கல்லூரிக் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள், ரசீது உங்களிடம் இருக்கும். யார் கையில் கொடுத்தேன், யார் மறுத்தார்கள் என்ற பேச்சே வராது.

யூலிப் பற்றி இரண்டு வரி போதும். அதில் போட்ட பணத்தை ஐந்து வருடம் எடுக்க முடியாது. மகளின் படிப்பு நான்கு வருடம். பட்டம் வாங்கி ஒரு வருடம் கழித்துப் பூட்டுத் திறக்கும் பெட்டியைப் படிப்புக்கு என்று விற்கிறார் உங்கள் ஏஜென்ட். சம்பளத்தில் எல்லாம் போகக் கையில் நிற்பது 12,100 என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டாப்-அப் எடுத்தால் அது 7,000 ஆகும். அதில் 10,000 எப்படிப் போடுவீர்கள்?

ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் கொடுக்காத 36,000 வங்கியில் இருக்க வேண்டும். இல்லை என்றால் அது எங்கே போனது என்று பாருங்கள். இருந்தால் முதல் செமஸ்டருக்கு இந்த வாரமே அனுப்பிவிட்டு மகளுக்கு போன் பண்ணுங்கள், அவளுடைய அம்மாவுக்கு அப்புறம் பண்ணலாம். டாப்-அப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்று எழுதவில்லை. போடவில்லை என்றால் போடாதீர்கள். போட்டுவிட்டீர்கள் என்றால், பணம் கணக்கில் ஏறும் முன் நாளைக் காலையே வங்கிக்குப் போய் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.