வாசகர் கேள்வி–பதில்: வகுப்பறைத் திரையில் கணினி அருங்காட்சியகம்

கேள்வி: எட்டாம் வகுப்பில் 38 பிள்ளைகள். ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், 40 நிமிட பீரியடு. கணினி வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றை இணையத்தில் சுற்றிக் காட்ட ஆசைப்படுகிறேன். எதைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது?
– அரசுப் பள்ளி ஆசிரியை, திருவிடைமருதூர் வட்டம்

பதில்: இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் இருக்கும் ‘தி நேஷனல் மியூசியம் ஆஃப் கம்ப்யூட்டிங்’ உங்களுக்குச் சரியாக வரும். அதன் இணையதளத்தில் கூடங்களுக்குள் நடந்து பார்க்கும் முப்பரிமாணச் சுற்று உண்டு. கலிபோர்னியாவின் ‘கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம்’ இணையத்தில் வைத்திருக்கும் கண்காட்சி படமும் குறிப்புமாக ஓடும். நீங்கள் பாடம் தயாரிக்க அது அருமையான இடம், ஆனால் வகுப்போடு சேர்ந்து நடப்பதற்கு ஏற்றதல்ல.

எல்லாக் கூடத்தையும் காட்ட நினைக்காதீர்கள். 40 நிமிடமும் நடையிலேயே தீர்ந்துவிடும். இரண்டு யந்திரம் போதும். முதலில் ஹார்வெல் டெகட்ரான் என்ற பழைய கணினி. ‘விட்ச்’ என்றும் சொல்வார்கள். 1951-ல் வேலைக்கு வந்தது, எடை இரண்டரை டன். பழுது நீக்கி 2012-ல் மறுபடி ஓடவிட்டார்கள். ஒரு பெருக்கலுக்கு 5 முதல் 10 விநாடி எடுத்துக்கொள்ளும். இவ்வளவு மெதுவான யந்திரம்தான் பிள்ளைகளுக்குப் புரியும். அதன் டெகட்ரான் குழாய்க்குள் ஒளிப்புள்ளி ஒன்று பத்து இடங்களில் சுற்றி வரும். ஒரு சுற்று முடிந்ததும் பக்கத்துக் குழாய்க்கு ஒன்றைக் கடத்தும். கூட்டலில் நாம் ‘மீதி ஒன்று’ என்று மேலே எழுதுகிறோமே, அதேதான். திரையைத் திறப்பதற்கு முன்பே பத்துப் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி ஒரு சாக்பீஸைக் கைமாற்றச் சொல்லுங்கள். சுற்று முடியும்போது வெளியே நிற்கும் பதினோராவது பிள்ளை ஒரு விரலை நீட்டட்டும். அதன்பிறகு திரையில் அந்தக் குழாய் வரிசையைக் காட்டினால் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

இரண்டாவது கொலோசஸ், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைக்கக் கட்டிய யந்திரம். 1944-ல் பிளெட்ச்லி பார்க்கில் வேலை தொடங்கியது. துளையிட்ட காகித நாடாவை விநாடிக்கு 5,000 எழுத்து வேகத்தில் ஒளியால் படித்தது. முதல் யந்திரத்திலேயே சுமார் 1,600 வால்வுகள், அதாவது பழைய வானொலிப் பெட்டிகளில் எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய்கள். அத்தனை வால்வு இருந்தால் ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்கும் என்று பலர் நம்பவில்லை. அதைக் கட்டிய டாமி ஃபிளவர்ஸ் தபால்துறைப் பொறியாளர். அணைத்து அணைத்துப் போடாமல் எரியவிட்டால் வால்வு நீடிக்கும் என்று தொலைபேசி நிலைய வேலையில் கற்றிருந்தார். இன்று அங்கே நிற்பது பின்னாளில் அதே அமைப்பில் கட்டிய யந்திரம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

இனி கைவேலை. முந்தைய நாளே அதே மடிக்கணினியில் ஒருமுறை நடந்து பாருங்கள். தரையில் தெரியும் வட்டத்தைச் சொடுக்கினால் அங்கே போய் நிற்பீர்கள். வழி தவறினால் மூலையிலுள்ள தளவரைபடப் பொத்தானை அழுத்தி, வேண்டிய அறையில் இறங்கிக்கொள்ளலாம். எஃப்11 தட்டினால் முழுத்திரை. வகுப்பில் மவுஸ் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். படத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். கண் நகர்வதாகச் சொல்கிறது, உடம்போ உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு தாவலுக்கும் பிறகு ஐந்து விநாடி அசையாமல் நில்லுங்கள். அங்கே கூடங்கள் அரையிருட்டாக இருக்கும், சன்னலைச் சாத்தாவிட்டால் புரொஜெக்டரில் கறுப்புதான் தெரியும். முக்கியமான பத்துக் காட்சிகளை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து மடிக்கணினியிலேயே சேமியுங்கள். இணையம் நின்றாலும் பீரியடு நிற்காது.

கேள்வி: எங்கள் வீட்டுத் தறியின் ஜக்கார்டு பெட்டியிலிருந்துதான் கம்ப்யூட்டர் வந்தது என்று மகள் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து சொல்கிறாள். உண்மையா?
– நெசவாளர், திருபுவனம்

பதில்: பாதி உண்மை, ஆனால் பெருமைப்பட வேண்டிய பாதி. துணியில் பூ எழுப்பும் அந்தப் பெட்டியில் துளையிட்ட அட்டைகள் வரிசையாக ஓடும். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி கத்தியில் மாட்டிக்கொண்டு மேலே வரும், அந்தப் பாவு இழை தூக்கும். துளை இல்லாவிட்டால் ஊசி பின்னால் தள்ளப்படும், கொக்கி விலகும், இழை கீழேயே நிற்கும். குறுக்கே ஓடும் ஒவ்வோர் ஊடை இழைக்கும் ஓர் அட்டை. இது உங்களுக்குத் தெரிந்ததே. உண்டு, இல்லை என்ற இரண்டே சொல்லில் ஒரு பூவையே எழுதிவைக்க முடியும் என்று ஜக்கார்டு 1804 வாக்கில் பிரான்சில் செய்து காட்டினார். ஆங்கிலக் கணிதர் சார்லஸ் பாபேஜ் 1830-களில் வரைந்த ‘பகுப்பாய்வு எந்திரம்’ என்ற கணக்கு யந்திரத்துக்கு அதே அட்டையை எடுத்துக்கொண்டார்: என்ன கணக்கு என்பதற்கு ஒரு கட்டு, எந்த எண்கள் என்பதற்கு இன்னொரு கட்டு. 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹொலரித் துளை வழியே கம்பியை இறக்கி, பாதரசக் கிண்ணத்தைத் தொட்டால் மின்சாரம் பாயும்படி செய்தார்.

ஆனால் தறி கூட்டாது, கழிக்காது, ‘இப்படி வந்தால் அப்படிச் செய்’ என்று முடிவெடுக்காது. அட்டை வரிசை எப்படியோ அப்படித்தான் நெய்யும். ஆகையால் கணினி உங்கள் தறியிலிருந்து வந்தது என்பதைவிட, கட்டளையைத் துளையாக எழுதிவைக்கும் வித்தை அங்கிருந்து போனது என்று மகள் எழுதுவதே சரி. பள்ளிக்குப் பழைய அட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். கொலோசஸின் நாடாவைத் திரையில் பார்க்கும் பிள்ளைகள் கையில் அந்த அட்டை இருக்க வேண்டும்.

கேள்வி: கைபேசியில் இந்தச் சுற்றைத் திறந்தால் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது, பிறகு வெள்ளைத் திரை. என்ன செய்வது?
– வாசகர், பாபநாசம்

பதில்: பெரும்பாலும் நினைவகம் போதாமைதான். மற்ற செயலிகளையும் குரோமில் திறந்திருக்கும் மற்றப் பக்கங்களையும் மூடுங்கள், பேட்டரி சேமிப்பை அணையுங்கள். முகநூலுக்குள்ளேயே திறந்த இணைப்பாக இருந்தால் அங்கே பார்க்காமல், முகவரியை நகலெடுத்துக் குரோமில் ஒட்டுங்கள். மடிக்கணினியிலும் இதே கதை என்றால் குரோம் அமைப்புகளில் ‘சிஸ்டம்’ பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் வேகப்படுத்தலை இயக்கிவிட்டு, குரோமை மூடித் திறங்கள். இன்னொன்று: பெயர்ப்பலகை மங்கலாகத் தெரிந்தால் பெரிதாக்கிப் பயனில்லை, படம் எடுத்தபோது பதிவானது அவ்வளவுதான். யந்திரத்தின் பெயரை வைத்து அருங்காட்சியகத்தின் தளத்தில் தனியாகத் தேடுங்கள்.

கேள்வி: எனிக்மா குறியீட்டைக் கொலோசஸ் உடைத்தது என்று கட்டுரையில் எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார்.
– பத்தாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி

பதில்: அடித்தது சரிதான். எனிக்மா ஜெர்மானியப் படைகளின் குறியீட்டு யந்திரம். அதற்கு எதிராக ஓடியது ‘பாம்ப்’ என்ற மின்விசைப்பொறி. அதற்கு முன்பே 1932-ல் போலந்துக் கணிதர் மரியன் ரெயெவ்ஸ்கி எனிக்மாவின் உள்ளமைப்பைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்திருந்தார். கொலோசஸ் கட்டப்பட்டது லோரன்ஸ் என்ற வேறொரு குறியீட்டு யந்திரத்துக்காக. அந்த யந்திரத்தைக் கண்ணால் பார்க்காமலே அதன் அமைப்பை பிளெட்ச்லி பார்க்கில் வேலை செய்த பில் டட் ஊகித்தார். கட்டுரையில் அவர் பெயரைச் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: அருங்காட்சியகத்தின் வழிகாட்டியோடு நேரலைச் சுற்று கிடைத்தால் நம் நேரத்துக்கு ஒத்துவருமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இங்கிலாந்தில் காலை 11 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் மாலை 4.30, மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசிவரை மாலை 3.30. பள்ளி விடும் நேரம் ஆகிவிடும் என்பதால் பெற்றோரிடம் முன்பே சொல்லிவையுங்கள். கலிபோர்னியாவின் பகல் நமக்கு இரவு.