ஓடு பிரித்தால் சபை போய்விடுமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. வேதக்கோயில் ஓடு ஒழுகுகிறது என்று சித்திரையில் பிரித்துப் போட்டோம். புதுக் கட்டடம் எழும்ப இன்னும் ஆறு மாசமாவது ஆகும். அதுவரை ஓர் அக்கா வீட்டுத் திண்ணையிலும், தார்ப்பாய் கட்டின வாசலிலும் ஆராதனை நடக்கிறது. நாற்பது பேர் வருகிறோம். எங்கள் பெரியவர் ஒருவர், "கோயில் இல்லாம சபை ஏது? இது வெறும் ஜெபக்கூட்டம்" என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருக்கிறார். வேதத்தில் சபை என்றால் என்ன அர்த்தம்?
– ஒரு வாசகி, திருமங்கலம் வட்டாரம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அம்மா. அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஐம்பது வருஷம் ஒரே இடத்தில் முழங்கால் போட்டவருக்கு அந்த இடம் இடிந்து கிடப்பதைப் பார்க்க வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அவர் சொன்னது புதிய ஏற்பாட்டில் இல்லை.

அங்கே சபை என்று நாம் படிக்கும் சொல் கிரேக்கத்தில் 'எக்லேசியா'. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்த நாட்களில் இந்தச் சொல் எனக்குப் பிடிபட்டது அகராதியால் அல்ல, எங்கள் ஊர் மந்தையால். நான் மேலூர்ப் பக்கத்துக்காரன். சின்ன வயதில், கண்மாய்த் தண்ணீர் விஷயமோ திருவிழா வரி விஷயமோ வந்தால் சாயங்காலம் தமுக்கடித்துச் சொல்வார்கள்: "ராத்திரி ஊர் கூடுது, மந்தைக்கு வாங்க." சாப்பிட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வருவார்கள். பேசி முடித்து எல்லோரும் எழுந்து போனபின் அங்கே என்ன இருக்கும்? ஓர் அரசமரமும் உட்கார்ந்த தடமும்தான். 'ஊர் கலைஞ்சிருச்சு' என்போம். மரம் அங்கேயேதான் நிற்கும், ஆனால் ஊர் போய்விட்டது. கிரேக்கப் பட்டணங்களில் எக்லேசியா என்றால் ஏறக்குறைய இதுதான்: அழைப்பு கேட்டு, பொதுக் காரியம் பேச ஒரே இடத்தில் கூடின குடிமக்கள்.

அது முதலில் சாமி காரியத்துக்கான சொல்கூட இல்லை. அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எபேசுவில் தெமேத்திரியு என்கிற வெள்ளித் தட்டான், பவுலால் தன் தொழில் கெட்டுப்போகும் என்று சக தொழிலாளிகளைக் கிளப்பிவிடுகிறான். பட்டணமே கலங்கி, ஜனங்கள் அரங்கசாலைக்குள் பாய்கிறார்கள். சிலர் ஒன்றைக் கத்த, சிலர் வேறொன்றைக் கத்த, எதற்காகக் கூடினோம் என்றே பாதிப் பேருக்கு மேல் தெரியவில்லை. இந்தக் கூச்சல் கூட்டத்துக்கும் லூக்கா எழுதின சொல் எக்லேசியாதான் (32, 41ஆம் வசனங்கள்). பட்டணத்து அதிகாரி, 'முறைப்படி கூடுகிற மன்றத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்கிறபோதும் (39) அதே சொல். தமிழில் இந்த இடங்களில் 'கூட்டம்', 'நியாயசங்கம்' என்று மாற்றிப் போட்டுவிடுவதால் நமக்கு அது கண்ணில் படுவதில்லை.

எக்லேசியா என்றால் 'உலகத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டவர்கள்' என்று சொல்லும் பிரசங்கத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வேர்ச்சொல்லில் வெளியே, அழைத்தல் இரண்டும் இருப்பது உண்மை. ஆனால் எபேசுவில் கத்தின அந்தக் கூட்டம் எந்த உலகத்தை விட்டு வெளியே வந்தது? பவுலின் காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டவர்களுக்கு 'கூடினவர்கள்' என்றுதான் காதில் விழுந்திருக்கும். அதோடு, எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இஸ்ரவேலர் தேவனுக்கு முன்னால் கூடின கூட்டத்துக்கும் பல இடங்களில் இதே சொல்லைப் போட்டிருந்தார்கள். அதனால்தான் ஸ்தேவான், மோசேயோடு வனாந்தரத்தில் இருந்த ஜனத்தைச் 'சபை' என்கிறான் (அப். 7:38). அந்த ஜனம் இருந்தது கூடாரங்களில்.

பின்னாளில் பவுல் ஆன சவுல், சபையைப் பாழாக்கினான் என்று அப். 8:3இல் படிக்கிறோமே, அங்கே அவன் இடித்த சுவர் ஒன்றும் இல்லை. வீடுவீடாக நுழைந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துக்கொண்டு போனான். சபை இருந்த இடம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

சரி, வீட்டுத் திண்ணைக்கு வருவோம். ரோமர் 16:5இல் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியின் வீட்டில் கூடுகிற சபையைப் பவுல் வாழ்த்துகிறார். பிலேமோனுக்கு எழுதும்போதும் அவர் வீட்டில் கூடுகிற சபை வருகிறது. இவற்றை ஜெபக்கூட்டம் என்று அவர் தனியாகப் பிரிக்கவில்லை. சபையென்று தோண்டியெடுத்த மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று, சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் இருக்கும் தூரா யூரோப்போஸ் என்ற பழைய பட்டணத்தில் கிடைத்தது. காலம் சுமார் கி.பி. 240. அதுவும் ஒரு வீடுதான்! இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டுக் கூடமாக்கியிருக்கிறார்கள். இன்னோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கொரிந்தியர் சபையாகக் கூடினபோது, இருப்பவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பவுலுக்குப் பொறுக்கவில்லை. தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார் (1 கொரி. 11:22). சபைக்கு நேர்ந்த அவமானம் என்று அவர் சொன்னது, பக்கத்தில் இருந்தவன் வயிறு காய்ந்ததை. அதற்கு அவர் சொன்ன மருந்தும் சின்னதுதான்: சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். உங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது கூலி வேலைக்குப் போய்விட்டு, மண் ஒட்டின காலோடு தாமதமாக வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் வந்து உட்காரத் திண்ணையில் இடம் விட்டு வையுங்கள். புதுக் கட்டடம் வந்த பிறகும் அப்படியே செய்யுங்கள்.

கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் கூரை வேண்டும், கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் ஓர் இடம் வேண்டும். நம் பாட்டிமார் அதை 'வேதக்கோயில்' என்றே சொன்னார்கள். நல்ல தமிழ் அது, கட்டடத்துக்கு அந்தப் பெயர் இருக்கட்டும். நற்கருணை திண்ணையில் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால், அதற்கு முறை சொல்ல வேண்டியவர் உங்கள் ஆயர். அவரைக் கேளுங்கள். பெரியவர் வீட்டுக்கு நீங்களே நாலு பேர் போய் உட்காருங்கள். வாதாட வேண்டாம். ரோமர் 16ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள், அப்புறம் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள்.

திண்ணை தந்த அக்காவின் பெயரைச் சபைப் பதிவேட்டில், எந்த மாசம் முதல் எந்த மாசம் வரை என்று தேதியோடு எழுதி வையுங்கள். கொலோசெயர் 4:15இல் நிம்பா என்று ஒரு பெயர் வரும். சில மொழிபெயர்ப்புகளில் 'அவன் வீட்டில்' என்று படிப்பீர்கள், ஆனால் வத்திக்கானில் இருக்கும் மிகப் பழைய கையெழுத்துப் பிரதியில் 'அவள் வீட்டில்' என்றே இருக்கிறது. லவோதிக்கேயா பக்கத்தில் தன் வீட்டைத் திறந்துவிட்ட அந்த அம்மாவைப் பற்றி வேறொரு வரியும் வேதத்தில் இல்லை. பவுல் அந்த ஒரு வரியை எழுதினதால்தான் பெயராவது நமக்குக் கிடைத்தது.