கழுதைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விடுமுறைக்கு இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் டெவன் பக்கம் போகிறோம். சிட்மத் அருகில் இருக்கும் டாங்கி சாங்சுவரி என்ற கழுதைக் காப்பகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆசை. மகள் இப்போதே கேரட் வாங்கி வைக்கச் சொல்கிறாள், மகன் சவாரி உண்டா என்று கேட்கிறான். கூட வரும் என் மாமியார் மட்டும், “காசு கொடுத்துக் கழுதையைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்கிறார். போகலாமா? (வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்)

பதில்: கட்டாயம் போங்கள். மாமியாரிடம் முதலில் சொல்லுங்கள், அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. நன்கொடையில் நடக்கும் இடம், விருப்பப்பட்டால் உண்டியலில் போடலாம். ரயிலில் போவதென்றால் சிட்மத்தில் ஸ்டேஷன் இல்லை. லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஹானிட்டனில் இறங்கி பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும், சிறு பிள்ளைகளோடு கார்தான் வசதி.

சவாரி கிடையாது, கேரட்டும் வேண்டாம். இரண்டுக்கும் காரணத்தைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போனால் அங்கே அழுகை இருக்காது. கழுதையின் முன்னோர் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் திரிந்த காட்டுக்கழுதைகள். காய்ந்த புல்லையும் முட்செடியையும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மென்று உயிர் வாழப் பழகிய உடம்பு அது. அதைக் கொண்டுபோய் இங்கிலாந்தின் கொழுத்த பச்சைப் புல்லில் விட்டால் கழுத்திலும் விலாவிலும் கொழுப்பு கட்டியாகத் தேங்கிவிடும், குளம்புக்குள் அழற்சி வந்து நடக்கவே முடியாமல் போகும். அதனால்தான் அங்கே முக்கியத் தீவனமே பார்லி வைக்கோல். ஒரு நாளில் வருகிற குடும்பங்கள் எல்லாம் ஆளுக்கொரு கேரட் நீட்டினால் என்ன ஆகும் என்று மகளையே யோசிக்கச் சொல்லுங்கள், ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரியும். சவாரியைப் பொறுத்தவரை, அங்கே இருப்பவற்றில் பல வாழ்நாள் முழுக்கச் சுமந்தவை, இனி யாரையும் சுமக்க வேண்டியதில்லை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தவை. மகனுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

இந்த இடம் தொடங்கிய கதையையும் வழியில் சொல்லலாம். எலிசபெத் ஸ்வென்ட்சன் என்ற பெண்மணி அந்தப் பக்கத்தில் ஹோட்டல் நடத்தியவர். 1969-இல் ஆசைக்காக ஒரு கழுதை வாங்கினார். பிறகு எக்ஸெட்டர் சந்தையில் ஒரு சின்னப் பட்டிக்குள் ஏழு கழுதைகளை மோசமான நிலையில் அடைத்து வைத்திருந்ததைப் பார்த்தவர், வளர்ப்பதைவிட மீட்பதுதான் தன் வேலை என்று முடிவு செய்தார். 1974-இல் வயலட் ஃபில்பின் என்ற இன்னொரு கழுதைப் பிரியர் இறந்தபோது தன் உயிலில் 204 கழுதைகளை இவருக்கு எழுதி வைத்துவிட்டார்! யாராக இருந்தாலும் கைவிரித்திருப்பார்கள், இவர் அத்தனையையும் ஏற்றுக்கொண்டார். 2011-இல் அவர் காலமானார். அவர் தொடங்கிய அமைப்பு இன்று பல நாடுகளில் கழுதைகளுக்காக வேலை செய்கிறது, இந்தியாவிலும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. கழுதைக்கு வலித்தால் அது காட்டிக்கொள்ளாது. குதிரை வயிற்றுவலியில் தரையில் விழுந்து புரளும், கழுதையோ தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு அப்படியே நிற்கும். வேட்டை மிருகங்கள் உள்ள நிலத்தில் பலவீனத்தைக் காட்டினால் அதோடு கதை முடிந்தது என்பதால் வந்த பழக்கம் என்கிறார்கள். நாம் தலைமுறை தலைமுறையாக அதைப் பொறுமை என்றும், பயந்து நின்றுவிட்டால் பிடிவாதம் என்றும் பெயர் வைத்து அடித்திருக்கிறோம். அதனால் அங்கே போனால் நிறைய கழுதைகளைப் பார்க்க ஓடாதீர்கள், ஏதாவது ஒரு வேலியோரம் நின்று இரண்டு மூன்றை மட்டும் நெடுநேரம் பாருங்கள். காது எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் காலில் பாரத்தை மாற்றுகிறது, எது எதன் பக்கத்திலேயே எப்போதும் நிற்கிறது என்று பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

அந்தக் கடைசி விஷயம் தெரிய வரும்போது எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது. கழுதைகள் பெரும்பாலும் ஜோடி சேர்ந்து வாழும். அந்த ஜோடி தாயும் மகளுமாக இருக்கலாம், உறவே இல்லாத இரண்டு கிழவர்களாகவும் இருக்கலாம். பிரித்தால் தீவனம் எடுக்காது. பட்டினி கிடக்கிற கழுதையின் உடல், சேர்த்து வைத்த கொழுப்பையெல்லாம் ரத்தத்தில் இறக்கிவிடும், ஈரலும் சிறுநீரகமும் செயலிழக்கும், சில நாளில் உயிரே போகலாம். துக்கத்தால் சாவது என்பது கழுதைக்கு வெறும் பேச்சில்லை. அதனால்தான் வெளி வீடுகளுக்குக் கொடுக்கும்போதும் அவர்கள் ஒற்றைக் கழுதையைத் தனியாக அனுப்புவதில்லை, ஒன்று இறந்துவிட்டால் மற்றதை உடலின் அருகிலேயே விட்டு, அதுவாக விலகிப் போகும்வரை காத்திருப்பார்கள்.

தொட ஆசைப்பட்டால் அதுவே உங்களிடம் வரட்டும், பின்பக்கமாகப் போக வேண்டாம். கழுத்திலோ தோளிலோ மெதுவாகச் சொறிந்து கொடுக்கலாம், காதைப் பிடிக்கக் கூடாது. முதுகில் நெடுக ஒரு கோடும் தோளில் குறுக்காக ஒரு கோடும் சேர்ந்த சிலுவை பல கழுதைகளுக்கு உண்டு, பிள்ளைகள் அதைத் தேடி எண்ணுவார்கள். அப்புறம், டெவனில் மழை எப்போது வேண்டுமானாலும் வரும், பூட்ஸ் எடுத்துப் போங்கள். மழை வந்ததும் கழுதைகள் கொட்டகைக்குள் போய்விடும், அவற்றின் ரோமம் குதிரையுடையதைப் போலத் தண்ணீரைத் தடுக்காது.

கேள்வி: பொள்ளாச்சி அருகே எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. செங்கல் சூளையில் பொதி சுமக்கும் ஒரு கழுதையை விலை கொடுத்து வாங்கி மீட்டு வளர்க்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: நல்ல மனசு, ஆனால் ஒன்றாக வாங்காதீர்கள், மேலே சொன்னதுதான் காரணம். இரண்டுக்கு இடம், மழைக்கு ஒதுங்கக் கொட்டகை, காய்ந்த தீவனம், இரண்டு மூன்று மாதத்துக்குள் ஒரு முறை குளம்பு வெட்டிவிடத் தெரிந்த ஆள், இவ்வளவும் இருந்தால் யோசியுங்கள். முப்பது வயது வரைகூட இருக்கும், உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பது என்பதையும் வீட்டில் பேசிவிடுங்கள். இன்னொன்று, நீங்கள் கொடுக்கும் பணத்தில் சூளைக்காரர் வேறொரு கழுதையை வாங்கிவிடலாம். அதே பணத்தில் அங்கே இருக்கும் கழுதைகளுக்கு நிழலும் தண்ணீரும் ஏற்பாடு செய்து, கால்நடை மருத்துவரை அழைத்துப் போய், சேணப்புண்ணுக்கு மருந்து போட வைத்தால் பலன் அதிகம் என்பது என் கருத்து.

நம் நாட்டில் கழுதைகள் வேகமாகக் குறைகின்றன. 2012-இல் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்தது, 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் ஒன்றேகால் லட்சத்துக்குள் வந்துவிட்டது. லாரியும் டிராக்டரும் வந்தது ஒரு காரணம். இன்னொரு பக்கம், கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையில் சீனாவில் மருந்து செய்கிறார்கள், அந்தத் தோல் வியாபாரம் உலகம் முழுக்கக் கழுதைகளை விழுங்கி வருகிறது. ஆப்பிரிக்க நாடுகள் 2024 பிப்ரவரியில் ஒன்றுகூடி, தோலுக்காகக் கழுதை வெட்டுவதைக் கண்டம் முழுவதும் தடைசெய்ய முடிவெடுத்தன. அங்கே கழுதை இல்லையென்றால் தண்ணீர் சுமப்பது பெண்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: எங்கட மன்னாரில் கழுதைகள் தெருவிலேயே திரியுது. வெளியூர் ஆக்கள் வந்து படம் எடுத்துப் பாண் (ரொட்டி) போட்டிட்டுப் போயினம். சரியோ? (வாசகர், மன்னார்)

பதில்: படம் எடுக்கட்டும், பாண் வேண்டாம். ரோட்டோரம் தீனி கிடைக்கும் என்று பழகிய கழுதை வாகனத்துக்கு முன்னால்தான் வந்து நிற்கும், அதிலும் இரவில். பொலித்தீன் பையோடு சாப்பாட்டை வீசுவது அதைவிட மோசம், பை வயிற்றில் அடைத்துக்கொள்ளும். அரபு வணிகர்கள் கொண்டுவந்த கழுதைகளின் வழிவந்தவை என்று சொல்லப்படும் இவற்றுக்காக உங்கள் ஊரிலேயே பிரிட்ஜிங் லங்கா அமைப்பு ஒரு கழுதை மருத்துவ நிலையத்தை ஏற்படுத்தியது, காயம்பட்டவற்றை வைத்துப் பார்ப்பதோடு சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைக் கழுதைகளோடு பழகவும் விட்டார்கள். வருகிறவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் உங்கள் வாசலில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள், அடிபட்ட கழுதையைக் கண்டால் இழுத்து நிமிர்த்தப் பார்க்காமல் வாகனங்களை நிறுத்திவிட்டு கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.