இரவு டியூட்டியில் டாக்டரை எப்போது அழைப்பது?

கேள்வி: வார்டில் நர்ஸாகச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. இரவில் ஒரு நோயாளிக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. அழைத்தால் டாக்டர் திட்டுவாரோ என்று பயமாகவும் இருக்கிறது. எப்போது அழைக்கலாம், எப்படிச் சொல்வது?

பதில்: அப்படித் தோன்றினால் முதலில் நோயாளியின் பக்கத்தில் போய் நின்று மூச்சை எண்ணுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம். பல வார்டுகளில் இதை எண்ணாமலேயே சார்ட்டில் 18, 20 என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. உடல்நிலை மோசமாகும்போது பெரும்பாலும் பிபி இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகமெடுத்துவிடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐ எட்டிவிட்டால் காத்திருக்காதீர்கள், அழையுங்கள். ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால், நிலை மோசமானாலும் அந்த எண் நன்றாகவே இருக்கலாம். மேல் பிபி 90-க்கு வந்துவிட்டாலும், தெளிவாகப் பேசியவர் திடீரென்று குழம்பிப் பேசினாலும் அழைக்க வேண்டியதுதான்.

அப்புறம், பேசும் விதம். "ஒரு மாதிரி இருக்கிறார் டாக்டர்" என்றால் தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு ஒன்றும் புரியாது. போனை எடுப்பதற்கு முன் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மாதிரி சொல்லுங்கள்: "சர்ஜிக்கல் வார்டு நர்ஸ் பேசுகிறேன். 6ஆம் படுக்கை நோயாளிக்கு மூச்சு 28, பல்ஸ் 124, பிபி 96/60. நேற்று குடல் ஆபரேஷன் ஆனவர். 10 மணிக்கு மூச்சு 18தான் இருந்தது. இன்ஃபெக்‌ஷனோ என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." இப்போதைய நிலை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்கள் கோரிக்கை என்ற இந்த வரிசைக்கு எஸ்பார் என்று பெயர். கடைசி வரியைத்தான் புதியவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். தயங்காமல் கேளுங்கள்.

டாக்டர் போனில் மருந்து சொன்னால் எழுதி, அப்படியே திருப்பிப் படித்துக் காட்டுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். "ஒன்று, ஐந்து" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி உறுதி செய்யுங்கள்.

திட்டு விழலாம், மறுக்கவில்லை. அதற்காக அடுத்த முறை அழைக்காமல் விடாதீர்கள். வர மறுத்தாலோ தாமதித்தாலோ உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி, அவர் மூலம் மேல் டாக்டரை அழையுங்கள். எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், என்ன சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பதை அப்போதே கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.