மூன்றாம் நாள் வாந்தி

கேள்வி: அம்மாவுக்கு மதுரையில் சிஸ்பிளாட்டின் கீமோ நடக்கிறது. அன்று நன்றாக இருக்கிறார். மூன்றாம் நாள் ஓயாத வாந்தி. வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரான் கேட்கவில்லை. மலச்சிக்கல் வேறு. என்ன செய்வது?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: ஆன்டான்செட்ரான் முதல் 24 மணி நேர வாந்திக்குத்தான் நன்றாகக் கேட்கும். அதற்குப் பின் வருவது வேறு வழியில் கிளம்பும் வாந்தி. அதற்கு அப்ரெபிட்டன்ட் (முதல் நாள் 125 மி.கி., அடுத்த இரு நாள் 80), சில நாள் டெக்சாமெதசோன், இரவில் ஓலன்சபின் என்று சேர்த்துத் தருவது வழக்கம். அம்மாவின் சீட்டில் இவை இருக்கின்றனவா? இல்லையென்றால் அடுத்த சுற்றுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். குமட்டல் இல்லாவிட்டாலும் நேரம் தவறாமல் போட வேண்டும். வாந்தி வந்தபின் மாத்திரையைத் தேடினால் அதுவும் வெளியே வந்துவிடும்.

டெக்சாமெதசோன் சர்க்கரையை ஏற்றும். ஓலன்சபினால் கிறக்கம் வரும். இரவில் பாத்ரூம் போகும்போது துணை வேண்டும். மலச்சிக்கல் பெரும்பாலும் ஆன்டான்செட்ரான் செய்வது. தானாக டோஸைக் கூட்டாதீர்கள். மெடிக்கலில் கேட்டு டாம்பெரிடோன் என்ற இன்னொரு வாந்தி மருந்தைச் சேர்ப்பதும் கூடாது: வாந்தியில் பொட்டாசியம் இறங்கியிருந்தால் அதுவும் ஆன்டான்செட்ரானும் சேர்ந்து இதயத் துடிப்பைக் கெடுக்கலாம்.

தாளிப்பு வாசம் குமட்டலைக் கிளப்பும். ஆறிய இட்லி தேவலை. தண்ணீர்கூட நிற்காமல் சிறுநீர் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரி: சிஸ்பிளாட்டின் ஏற்கெனவே சிறுநீரகத்தைச் சோதிக்கும் மருந்து.