மொழிக் கேள்வி–பதில்: ‘எஸ்டர்டே’ இருக்கும் இடத்தில் ‘ஹேவ்’ எதற்கு?

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஆங்கில வினையின் காலங்களைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆங்கில வாக்கியங்கள் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன.

மண்டபத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ‘அப்பா விடியுமுன் கடலுக்குப் போவார், மாலையில் வலையைச் சரிசெய்வார்’ என்பதை ‘மை ஃபாதர் வில் கோ டு சீ’ என்று கட்டுரையில் எழுதினேன். ஆசிரியை ‘வில் கோ’வை அடித்துவிட்டு ‘கோஸ்’ என்று திருத்தினார். ‘போவார்’ எதிர்காலம்தானே, ஐயா?

வடிவத்தால் எதிர்காலம்தான், ஆனால் தமிழில் அந்த வடிவம் எதிர்காலத்துக்கு மட்டும் உரியதன்று. ‘அப்பா நாளைக்குப் போவார்’ என்றால் இனி நடக்கப்போவது. ‘அப்பா தினமும் போவார்’ என்றால் வழக்கம். ‘அந்தக் காலத்தில் பாட்டி பாசி எடுக்கப் போவார்’ என்றால் எப்போதோ நின்றுபோன பழக்கம். மூன்றுக்கும் நமக்கு ஒரே ‘போவார்’ போதும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று அமைப்புகள் உண்டு. நாளைக்கு என்றால் ‘வில் கோ’, தினமும் என்றால் ‘கோஸ்’, அந்தக் காலத்தில் என்றால் ‘யூஸ்டு டு கோ’. எனவே ‘போவார்’, ‘வரும்’, ‘அடிக்கும்’ போன்ற வினைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகுமுன், வாக்கியத்தில் நாளைக்கு, தினமும், அந்தக் காலத்தில் ஆகிய மூன்றில் எது பொருந்துகிறது என்று சேர்த்துப் பாருங்கள். உங்கள் வாக்கியத்தில் ‘தினமும்’ பொருந்துகிறது. ஆகவே ‘மை ஃபாதர் கோஸ் டு சீ பிஃபோர் டான் அண்ட் மெண்ட்ஸ் ஹிஸ் நெட்ஸ் இன் தி ஈவினிங்’ என்பதே சரி. இரண்டாவது வினையிலும் ‘ஸ்’ வரவேண்டும் என்பதைக் கவனியுங்கள். முதல் வினையில் போட்டுவிட்டு இரண்டாவதில் மறந்துவிடுவது பலருக்கும் நேர்வது.

இயற்கையின் இயல்பைச் சொல்வதற்கும் இதே விதிதான். வாடைக் காற்றில் பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளிக்கும் என்பதை ‘தி சீ கெட்ஸ் ரஃப்’ என்றே எழுதவேண்டும். ‘வில் கெட்’ என்றால் இன்றைக்கோ நாளைக்கோ விடுக்கும் எச்சரிக்கையாகிவிடும்.

இராமேசுவரத்திலிருந்து ஒரு சுற்றுலா வழிகாட்டி: வெளிநாட்டுப் பயணிகளிடம் சொல்வதற்காகச் சில வாக்கியங்களை எழுதி வைத்திருக்கிறேன். ‘தி சைக்ளோன் ஹேஸ் டெஸ்ட்ராய்டு தனுஷ்கோடி இன் 1964’, ‘டாக்டர் கலாம் ஹேஸ் ஸ்டடீட் அட் ஸ்வார்ட்ஸ் ஸ்கூல்’, ‘தி ஓல்டு பிரிட்ஜ் ஹேஸ் கேரிட் டிரெயின்ஸ் ஃபார் மோர் தான் எ ஹண்ட்ரட் இயர்ஸ்’. மூன்றிலும் ‘ஹேஸ்’ கூடாது என்று ஒரு பயணி சொன்னார். தமிழில் ‘1964இல் புயல் இந்த ஊரை அழித்திருக்கிறது’ என்று தாராளமாகச் சொல்கிறோமே?

தமிழில் தாராளமாகச் சொல்லலாம். சிக்கலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ‘ஹேஸ்’ என்றால் ‘இருக்கிறது’ என்று பள்ளியில் படித்த பாடத்தை நாம் அப்படியே பிடித்துக்கொள்கிறோம். நம்முடைய ‘-இருக்கிறது’ வேறு வேலைகளையும் செய்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் முற்றம் நனைந்திருப்பதைக் கண்டு ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். மழையை நாம் பார்க்கவில்லை, தடயத்தைக் கொண்டு ஊகிக்கிறோம். ‘போன வருடம் இந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறேன்’ என்று அனுபவத்தைச் சொல்லும்போதும் ஆண்டைச் சேர்த்துக்கொள்வதற்குத் தமிழில் எந்தத் தடையும் இல்லை. ஆங்கிலத்தின் பிரசன்ட் பெர்ஃபெக்ட், அதாவது ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ சேர்ந்து வரும் வடிவம், அதற்கு இடம் கொடுக்காது. முடிந்துபோன ஒரு காலத்தைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால், அதாவது ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் இயர்’, ‘இன் 1964’ என்று ஏதாவது வந்துவிட்டால், ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ இரண்டும் அந்த வாக்கியத்தை விட்டு வெளியேறிவிடும். ஆகவே ‘தி சைக்ளோன் டெஸ்ட்ராய்டு தனுஷ்கோடி இன் 1964’ என்பதே சரி. ஆண்டைச் சொல்லாமல், மணலில் பாதி புதைந்து நிற்கும் சுவர்களைக் காட்டி ‘தி சீ ஹேஸ் டேக்கன் மோஸ்ட் ஆஃப் தி டவுன்’ என்று சொன்னால் அது குற்றமற்ற ஆங்கிலம். ஏனென்றால் அங்கே நீங்கள் சொல்வது கண்முன்னே நிற்கும் விளைவை.

கலாம் அவர்களைப் பற்றிய வாக்கியத்தில் ஆண்டு எதுவும் இல்லை. இருந்தும் அது தவறு. அவர் 2015இல் மறைந்துவிட்டார். பிரசன்ட் பெர்ஃபெக்டில் ஒருவரைப் பற்றி அனுபவமாகச் சொல்லும்போது அவர் இன்னும் வாழ்கிறார், அவருடைய கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது என்ற எண்ணம் அதனுள் அடங்கியிருக்கிறது. உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றி ‘ஷீ ஹேஸ் ஸ்டடீட் இன் ராம்நாட்’ எனலாம். கலாமுக்கு ‘ஸ்டடீட்’ மட்டுமே.

மூன்றாவது வாக்கியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஒரு காலத்தில் அது சரியாக இருந்தது. பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. அதில் ரயில் ஓடிக்கொண்டிருந்தவரை, நூறாண்டைத் தாண்டிய பிறகும், ‘ஹேஸ் கேரிட்’ என்று நீங்கள் சொல்லியிருந்தால் யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் செங்குத்தாக உயரும் தூக்குப்பாலம் கொண்ட புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தின் பணி முடிந்துவிட்டதால் வாக்கியமும் ‘தி ஓல்டு பிரிட்ஜ் கேரிட் டிரெயின்ஸ்’ என்று மாறவேண்டும். ‘ஹேஸ்’ சேர்த்தால், ரயில் இன்னும் அதன்மேல்தான் போகிறது என்று கேட்பவர் எடுத்துக்கொண்டு, எப்போது போகும், நின்று படம் எடுக்கலாமா என்று உங்களிடமே கேட்பார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1964 டிசம்பர் 22 இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் ரயிலின் கதையையும் நீங்கள் சொல்வீர்கள். அங்கே ‘ஹேட்’ தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னால் சாதாரண இறந்தகாலம் போதும்: ‘தி டிரெயின் லெஃப்ட் பாம்பன், அண்ட் எ ஹியூஜ் வேவ் ஸ்ட்ரக் இட் நியர் தனுஷ்கோடி.’ அலையை முதலில் சொல்லிவிட்டு அதற்கு முன் நடந்ததற்குத் திரும்பிப் போகும்போதுதான் ‘ஹேட்’ வேண்டும்: ‘வென் தி வேவ் ஸ்ட்ரக், தி டிரெயின் ஹேட் லெஃப்ட் பாம்பன் அண்ட் வாஸ் நியரிங் தனுஷ்கோடி.’ இதில் அலை அடித்தது மையம். அதற்கு முன்னரே முடிந்தது ‘ஹேட் லெஃப்ட்’. அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தது ‘வாஸ் நியரிங்’. ‘ஹேட்’ சேர்ந்து வரும் இந்தப் பாஸ்ட் பெர்ஃபெக்டைக் கற்க இந்த ஒரு வாக்கியம் போதும் என்பது என் கருத்து. நம்மவர்கள் ‘ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே’ என்று, பின்னால் வேறு நிகழ்ச்சி எதுவும் இல்லாமலே ‘ஹேட்’ போடுவது, மரியாதைக்காகச் சேர்ப்பது போலத் தோன்றுகிறது. அதனால் மரியாதை கூடுவதில்லை. அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பவர் காத்திருக்கவே நேர்கிறது.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி: துபாயில் வேலை பார்க்கும் என் மகன் புதிய வேலைக்கான விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2016’ என்றும், ‘ஐ ஆம் ஹேவிங் டிரைவிங் லைசன்ஸ்’ என்றும் எழுதியிருக்கிறார். இவை சரிதானா?

இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள், அம்மா. ‘2016லிருந்து இங்கே வேலை செய்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலம் வருவதால் ‘ஆம் வொர்க்கிங்’ வந்துவிட்டது. தொடங்கிய ஆண்டைச் சொல்லி இன்றுவரை இழுக்கும்போது ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2016’ என்றாகும். தொடங்கிய நேரத்துக்குச் ‘சின்ஸ்’, மொத்தக் கால அளவுக்கு ‘ஃபார்’. விண்ணப்பங்களில் இது வெறும் இலக்கண விஷயமன்று: ‘ஐ வொர்க்டு தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றால் அந்த வேலையை விட்டுவிட்டார் என்று பொருள், ‘ஐ ஹேவ் வொர்க்டு ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறார். படிப்பவர் இந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான் அவர் எப்போது வந்து சேரமுடியும் என்று கணக்கிடுவார்.

உரிமையையும் அறிவையும் குறிக்கும் ‘ஹேவ்’, ‘நோ’, ‘ஓன்’ போன்ற வினைகள் பொதுவாக ‘-இங்’ ஏற்பதில்லை. ‘ஐ ஹேவ் எ டிரைவிங் லைசன்ஸ்’ என்று எழுதினால் போதும்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு விசைப்படகு உரிமையாளர்: ‘படகுகள் கடலுக்குப் போகவில்லை’ என்பதற்கு என் மகள் ஒன்றும் மருமகன் ஒன்றுமாக எழுதித் தருகிறார்கள். ‘டிட் நாட் வென்ட்’ என்றும் ஒருவர் சொன்னார். எது சரி?

கடைசியாகச் சொன்னது மட்டும் எப்போதும் தவறு. ‘டிட்’ என்பதே இறந்தகாலத்தைத் தாங்கிவிட்டதால் அடுத்து வரும் வினை அடிப்படை வடிவத்துக்குத் திரும்பிவிடும்: ‘டிட் நாட் கோ’. கேள்வியிலும் அப்படித்தான்: ‘டிட் யூ கோ?’

மகளும் மருமகனும் வேறு வேறாக எழுதியதில் இருவரும் சரியாகவே எழுதியிருக்கக்கூடும். தமிழின் ‘போகவில்லை’ காலத்தைக் காட்டுவதில்லை. நேற்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் உங்கள் வீட்டில் இந்தச் சொல்லை யார் சொன்னாலும் எந்த நாளைச் சொல்கிறார்கள் என்பது கேட்பவருக்கு விளங்கிவிடும். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு நீங்கள்தான் தெரிவிக்கவேண்டும். நேற்று என்றால் ‘தி போட்ஸ் டிட் நாட் கோ டு சீ’. இன்று கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கன் தரவில்லை, கரையில் நிற்கின்றன என்றால் ‘தி போட்ஸ் ஆர் நாட் கோயிங் டு சீ டுடே’. திங்கட்கிழமை முதல் இன்றுவரை என்றால் ‘தி போட்ஸ் ஹேவ் நாட் கான் டு சீ சின்ஸ் மண்டே’. நிவாரணம் கேட்டு மனு எழுதுவதாக இருந்தால் மூன்றாவதே உங்களுக்கு உகந்தது. இழப்பு இன்னும் தொடர்கிறது என்பதை அது ஒன்றுதான் சொல்லும்.

தொண்டியிலிருந்து ஒரு வாசகர்: ஆங்கிலத்தில் 12 காலங்கள் என்கிறார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யவேண்டுமா?

வேண்டாம். ஆங்கில வினைச்சொல் தன் வடிவத்தை மாற்றிக் காட்டுவது நிகழ்காலம், இறந்தகாலம் ஆகிய இரண்டை மட்டுமே. மற்றவை ‘பீ’, ‘ஹேவ்’, ‘வில்’ ஆகிய துணைவினைகளின் சேர்க்கை. 12 என்பது கற்பிக்கும் வசதிக்காகப் போட்ட அட்டவணை. ‘வில் ஹேவ் பீன் வொர்க்கிங்’ போன்ற கடைசி வரிசையைப் பயன்படுத்தாமலே பல ஆண்டுகள் ஓட்டிவிடலாம். மனப்பாடம் செய்யவேண்டியவை ‘கோ, வென்ட், கான்’, ‘டேக், டுக், டேக்கன்’ போன்ற ஒழுங்கற்ற வினைகளின் மூன்று வடிவங்கள்தான். ஒழுங்கானவற்றில் உச்சரிப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ‘வான்டட்’, ‘நீடட்’ என்று தனி அசையாக ஒலிப்பது ‘வான்ட்’ (want), ‘நீட்’ (need) போல t, d ஒலியில் முடியும் வினைகளுக்கு மட்டுமே, ‘வாக்கெட்’ என்று சொல்லாமல் ‘வாக்ட்’ என்று ஒரே அசையில் முடிக்கவேண்டும்.

பாம்பனிலிருந்து, மீன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் வாசகர்: இறால் வாங்குபவர்களுக்கு ‘வென் தி பான் வில் எண்ட், வீ வில் சென்ட் தி ஸ்டாக்’ என்று எழுதி வருகிறேன். இரண்டு ‘வில்’ வரலாமா?

வரக்கூடாது. நீங்கள் ‘பான்’ என்று எழுதும், விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பது உங்களுக்கும் வாங்குபவருக்கும் தெரிந்த ஏற்பாடு. அதன் முடிவு இன்னும் வராவிட்டாலும், ‘வென்’னுக்குப் பின் நிகழ்கால வடிவமே வரும்: ‘வென் தி பான் எண்ட்ஸ், வீ வில் சென்ட் தி ஸ்டாக்’. ‘இஃப்’, ‘ஆஃப்டர்’, ‘அன்டில்’ ஆகியவற்றுக்கும் இப்படியே. ஆனால் ‘வென்’ கேள்விச் சொல்லாக நிற்கும்போது ‘வில்’ வரலாம்: ‘வீ டோன்ட் நோ வென் தி போட்ஸ் வில் ரிட்டர்ன்.’ தமிழில் ‘முடிந்ததும்’, ‘வந்தபின்’ என்று சொல்ல வரும் இடத்தில் ‘வில்’லை நீக்கிவிடுங்கள், ‘எப்போது முடியும்’, ‘எப்போது வரும்’ என்று கேட்க வரும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.