கருமருந்து மாற்றுப் பொடி பயன்படுத்திய ரிவால்வரை எண்ணெய்க்குப் பதில் வெந்நீரால் கழுவுவது ஏன்?

இரும்பைத் தண்ணீரில் கழுவினால் துருப்பிடிக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். கழுவாமல் விட்டால்தான் துருப்பிடிக்கும்.

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த பழைய வகை வெடிமருந்து. அது எரியும்போது அதில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே தங்கிவிடுகிறது. அந்தக் கசடு பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட், சல்பேட் போன்ற உப்புகள். எண்ணெயில் இவை கரையா, தண்ணீரில் உடனே கரையும். கருமருந்துக்குப் பதிலாகப் பயன்படும் பைரோடெக்ஸ் போன்ற மாற்றுப் பொடிகளில் பொட்டாசியம் பெர்குளோரேட்டும் உண்டு. அது எரிந்தால் குளோரைடு மிஞ்சும். அதாவது, கறியுப்பின் நெருங்கிய உறவினர். காற்றின் ஈரத்தை இழுத்து எஃகை அரிப்பதில் கெட்டிக்காரர்.

1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர் வகையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் கவ்பாய் பாணிப் போட்டிகளில் இன்றும் அதன் நகல்களால் சுடுகிறார்கள். தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளி வழியே புகைக்கரி பீறிட்டு, உருளையின் அச்சுக்கம்பியில் படிகிறது. சில சுற்றுகளிலேயே உருளை முரண்டுபிடிக்கும். பெட்ரோலிய எண்ணெய் பூசியிருந்தால் கரி தார்போலப் பிசுபிசுத்துவிடும். தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த பழைய பூச்சே மேல்.

குண்டு இல்லை என்பதை உறுதிசெய்து, உருளையைக் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரில் பிரஷ்ஷால் தேயுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பதறாதீர்கள், கந்தகம்தான். சூட்டிலேயே எஃகு விரைவில் உலர்ந்துவிடும், பிறகு எண்ணெய். பித்தளைத் தோட்டாக்கூடுகளையும் அன்றே சோப்புநீரில் ஊறப்போடுங்கள், மறுநாள் என்றால் கறுத்துவிடும்.